அண்ணை நின்ற இடைத்தேர்தல்

அண்ணை வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவுஸ்திரேலியாவிலிருந்து தொலைபேசி எடுப்பார். அன்றைக்கு வேலைநாள். பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட் முடித்து வந்து நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். றிசீவரை எடுத்த அம்மா, "ஆருக்கு என்ன?" என்றுதான் கேட்டார். நாள் தவறித் தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி.

ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று அண்ணை சொல்லியிருக்க வேண்டும். அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு றிசீவரை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நான் எலெக்சன் கேக்கப்போறன்" என்றார் அண்ணை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் சனசமூக நிலையத் தேர்தலுக்குக்கூட நின்றதில்லை. "எங்க? உங்கயோ?"

"இஞ்சதான். எங்கட எம்.பி. செத்துப்போனார். இடைத்தேர்தல் வருது. ஊர்ச்சனம் வந்து கேக்குதுகள். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அப்போது நானும் அம்மாவும் லண்டனில் சட்டன் என்ற பகுதியில், உடுப்புச் சலவைக் கடை ஒன்றுக்கு மேலே இருந்த சிறிய பிளாட்டில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அண்ணை எழுபதுகளிலேயே லண்டனுக்கு வந்தவர். இங்கே மேற்படிப்புப் படித்து, ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து, பிரித்தானியக் குடியுரிமையும் எடுத்திருந்தார். விரும்பிய பதவி கிடைக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில், சுற்றிவரக் கோதுமை வயல்கள் மட்டுமே இருந்த ஒரு சிற்றூருக்கு வைத்தியராகப் போனார். "கொஞ்சக் காலம்தான், திரும்பி வந்திடுவன்" என்றுதான் போனார். அதன் பிறகு எங்கள் சொந்த நாட்டில் நடந்த யுத்தத்தால் நான் அகதியாக லண்டன் வந்தேன். அப்பா இறந்தபின் அம்மாவும் என்னிடம் வந்துசேர்ந்தார். அண்ணையோ அங்கே அந்த நாட்டுப் பிரஜையாகி, பிள்ளைகள் பிறந்து, வீடு கட்டி, ஊரின் ஒரே வைத்தியராகிவிட்டார். ஆனால் பிரித்தானியக் கடவுச்சீட்டை விடாமல் வைத்திருந்தார். லண்டனுக்கு வரும்போதெல்லாம், "பிள்ளையளின்ர படிப்பு முடியட்டும் அம்மா, வந்திடுறன்" என்பார்.

அம்மா அதை நம்பினார். வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் கோயிலில் சந்திப்பவர்களிடம் எல்லாம் பெரியவன் வரப்போகிறான் என்று சொல்லுவார். வந்தால் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு பார்ப்பதாகத் திட்டம். சில நாட்களில் கோயிலிலிருந்து திரும்பும்போது என்னைச் சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போய், விற்பனைப் பலகை நட்ட வீடுகளை வெளியில் நின்று பார்ப்பார். "முன்பக்கம் நல்லாயிருக்கு. பின்பக்கம் எப்பிடியோ தெரியேல்லை" என்பார், அடுத்த கிழமையே குடிபோகிறவரைப் போல.

தேர்தலில் நிற்க அண்ணைக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் என்னிடம் அந்த முதல் அழைப்பிலேயே சொன்னார். சில மாதங்களுக்கு முன் அவருடைய ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நேரத்தில் அண்ணை பக்கத்து ஊரில், உழவு இயந்திரம் புரண்டு அடிபட்ட ஒருவருடன் இருந்தார். பக்கத்து ஊர் என்றால் இங்கே சட்டனும் விம்பிள்டனும் போல அல்ல, மணிக்கணக்கில் ஓட வேண்டிய தூரம். தாதிமார் பெண்ணை அம்புலன்ஸில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். பாதிவழியில் இறந்துபோனாள். அவள் கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுவதும் வைத்தியம் பார்த்தவர் அண்ணைதான். இன்னொரு வைத்தியர் வேண்டும் என்று வருடக்கணக்காகத் தலைநகரத்துக்கு எழுதிக் களைத்தவரும் அவர்தான். எம்.பி. இறந்ததும், அந்தப் பெண்ணின் கணவன் நாலைந்து பேருடன் வந்து அண்ணையின் குசினி மேசையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் போய்க் கேட்டால்தான் அவர்களுக்குக் காது கேட்கும்" என்றானாம்.

"அவன் முகத்தைப் பாத்துக்கொண்டு என்னால ஏலாதெண்டு சொல்ல முடியேல்லை" என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு சிக்கல் இருக்கு. அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

நின்றார்.

"அப்ப நீ கேட்டுக்கொண்டு மட்டும் நில்."

சிக்கல் இதுதான். அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் வேறு எந்த நாட்டின் பிரஜையாகவும் இருக்கக்கூடாது. அண்ணையின் சட்டத்தரணி தெளிவாகச் சொல்லிவிட்டார். நியமனப் பத்திரம் கொடுக்கும் நாளுக்கு முன் பிரித்தானியக் குடியுரிமையைத் துறந்துவிட வேண்டும், துறந்ததற்கு அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து செய்தால் பிந்திவிடும். பத்திரங்களை எனக்கு அனுப்புவதாகவும், நான் இங்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி, அதன் நகலைப் பக்ஸ் இயந்திரத்தில் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

"இந்த ஊரில பாதிச் சனத்திட்ட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு. என்னட்ட இருக்கிறதுதான் இப்ப பிழையாப் போச்சு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு இருந்தது தற்காலிக அனுமதி. காலம் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டு, நிரந்தரமாக இருக்கச் சொல்லி ஒரு பதில் வராதா என்று காத்திருந்தேன். கதவடியில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உறையைப் புரட்டிப் பார்ப்பேன். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை அண்ணை உள்ளேயிருந்து எடுத்து என் கையிலேயே தந்து, கொண்டுபோய்த் திருப்பிக் கொடு என்கிறார். கோபம் வந்ததா என்றால் இல்லை. கோபப்படுவதற்கும் ஓர் உரிமை வேண்டுமே. அவர் அனுப்பிய விமான ரிக்கெற்றில் வந்தவன் நான்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. பொதி வந்த அன்று கையெழுத்துப் போட்டு வாங்கியவரே அவர்தான். உள்ளே அண்ணையின் கடவுச்சீட்டைக் கண்டதும், "இதை ஏன் அனுப்பியிருக்கிறான்? வரப்போறானோ?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அம்மா கதிரையில் உட்கார்ந்து கடவுச்சீட்டை விரித்து, இளம் வயது அண்ணையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இதைக் கொண்டுபோய்க் குடுக்காட்டி அவன் எலெக்சனில நிக்கேலாது. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான் அம்மா."

"அப்ப குடுக்காத."

"அவர் என்னை நம்பி அனுப்பினவர்."

"நான் ஆரை நம்பி இருக்கிறன்?" என்றார். சத்தம் போடவில்லை.

அன்றைக்கு அம்மாவே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். நான் குசினியில் நின்றேன். அம்மாவின் பக்கம் மட்டும் கேட்டது. "ஓம் ராசா... அந்தப் பிள்ளை பாவம்தான்... ஓம், விளங்குது... அப்ப இஞ்ச வாற கதை?" கடைசியில், "உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்" என்றுவிட்டு வைத்தார். என்னிடம் வந்து, "கொண்டுபோய்க் குடு" என்றார். கடவுச்சீட்டைத் தன் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துத் தந்தார்.

குடிவரவு அலுவலகம் எனக்குப் புதியதல்ல. என் சொந்த அலுவலாக அந்தக் கட்டடத்தின் கதிரைகளில் எத்தனையோ காலை நேரங்கள் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை வேறொரு யன்னலுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர் ஏன் இதை விடுகிறார் என்று கேட்டார். அதைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. வெறும் ஆச்சரியத்தில் கேட்டார். தேர்தலில் நிற்கப்போகிறார் என்றேன். "வெல்லுவாரா?" என்றார். தெரியாது என்றேன். "நல்வாழ்த்துகளைச் சொல்லுங்கள்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். என் வாழ்க்கையில் அந்தக் கட்டடத்தில் ஓர் அலுவல் அவ்வளவு விரைவாக முடிந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று பின்னேரமே எங்கள் தெருமுனையில் இருந்த தமிழ்க்கடையில் பக்ஸ் அனுப்பினேன். கடைக்கார அண்ணை தாள் இயந்திரத்துக்குள் நுழைவதைப் பார்த்தபடி, "அவுஸ்திரேலியாப் பாராளுமன்றத்தில எங்கட ஆள்! வெண்டால் கடையில எல்லாருக்கும் லட்டு" என்றார். அதற்குப் பிறகு நான் பால் வாங்கப் போனாலும், "என்னமாதிரிப் போகுது?" என்று கேட்பார்.

என்னமாதிரிப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? லண்டன் பத்திரிகைகளில் அந்த ஊரின் பெயர்கூட வரவில்லை. அண்ணி அனுப்பிய படங்கள் வந்தன. ஒன்றில் அண்ணை தகரக் கொட்டகை ஒன்றில், தொப்பி போட்ட விவசாயிகளுக்கு நடுவே கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் வேலிக்கம்பியில் அவருடைய முகம் போட்ட சுவரொட்டி. அடுத்த பொதியில் வந்த படத்தில் அதே சுவரொட்டி, முகத்துக்குக் குறுக்கே கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள். வந்த இடத்துக்கே போ என்பதுதான் அதன் சாரம். அண்ணி அதை ஏன் அனுப்பினார் என்று தெரியவில்லை. ஒருவேளை அங்கே காட்டி அழ யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நான் அதை அம்மாவின் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அண்ணையிடம் கேட்டேன்.

"உதெல்லாம் ஒண்டிரண்டு பேற்ற வேலை" என்றார். "நேற்றும் அப்பிடி ஒருத்தன் கூட்டத்தில எழும்பி, நீ எந்த நாட்டுக்காரன் எண்டு கேட்டான். அவன்ர மூண்டு பிள்ளையளையும் பிறக்கேக்க கையில ஏந்தினது நான்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"அங்க வந்து உங்களோட நிக்கட்டோ அண்ணை?"

கேட்டுவிட்டேனே தவிர, போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். என் பயணப் பத்திரம் புதுப்பிக்கக் கொடுத்தபடி இருந்தது. போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன்? அந்த ஊரில் எனக்கு வாக்கில்லை. தமிழ்ச் சனம் என்று அண்ணையின் குடும்பம் மட்டும்தான். கோதுமை விலையைப் பற்றி ஒரு வசனம் பேசத் தெரியாதவன் நான். "நீ அம்மாவைப் பார்" என்றார் அண்ணை. அவர் எனக்கு எப்போதும் தந்த வேலை அது ஒன்றுதான்.

வாக்களிப்புக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஷிப்டை மாற்றிக்கொண்டு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அர்ச்சனைத் தட்டோடு அம்மா நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது, "என்ன கேட்டனீங்கள்?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை."

"இவ்வளவு நேரம் நிண்டீங்கள்?"

"என்னத்தைக் கேக்கிறது? வெண்டால் அவன் இனி இஞ்சால் பக்கம் வரமாட்டான். தோத்தால் கையில இருந்ததும் போய், கேட்டதும் இல்லை. பேரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னன். மிச்சம் அவருக்குத் தெரியும்தானே."

அன்று விற்பனைப் பலகை பார்க்கும் சுற்றுவழியில் அம்மா போகவில்லை. நேரே பஸ் தரிப்புக்கு நடந்தார்.

அடுத்த நாள் நாங்கள் காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது அங்கே வாக்குச்சாவடிகள் மூடி எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அண்ணி எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். "முன்னுக்கு நிக்கிறார்! எங்கட ஊரில அள்ளிப்போட்டிருக்குதுகள்!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார். தொகுதி முழுவதும் எண்ணியதில், கட்சிக்காரர்கள் எல்லோரையும்விட, சுயேச்சையாக நின்ற அண்ணைக்குத்தான் முதல் விருப்பு வாக்குகள் கூட. ஆனால் அரைவாசியைத் தாண்டவில்லை.

நான் கீழே இறங்கி ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. கடைக்கார அண்ணை என்னைக் கண்டதுமே கல்லாவை விட்டு வெளியே வந்து கட்டிப்பிடித்தார். "லட்டுக்குச் சொல்லிவிடட்டோ?" என்றார். "பொறுங்கோ அண்ணை, இன்னும் முடியேல்லை" என்றேன்.

முடியத்தான் இல்லை. அந்த நாட்டில் வாக்காளர் வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட வேண்டும். யாருக்கும் அரைவாசி கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். பிறகு அடுத்தவர். தபால் வாக்குகளும் வந்துகொண்டிருந்தன. இரண்டாவது கிழமைக்குள்ளும் எண்ணிக்கை இழுபட்டது. ஒவ்வொரு நாளும் அண்ணையின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒருவர் நீக்கப்பட, அவருடைய இரண்டாவது விருப்பம் பெரிய கட்சிக்காரருக்குப் போனது. மற்றவர் நீக்கப்பட, அதுவும் அவருக்கே போனது. முதல்நாள் தொட்டு முன்னால் நின்றவரை, நாங்கள் இங்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் களவில்லை, பிழையில்லை. எல்லாம் சட்டப்படிதான். அதனால்தான் யாரையும் திட்டவும் முடியவில்லை.

தோற்றுவிட்டார் என்று அண்ணி சொன்ன அன்று நான் அம்மாவுக்கு விளக்க முயன்றேன்.

"கனபேர் முதலாவதா விரும்பினது அவனைத்தானே?" என்றார் அம்மா.

"ஓம்."

"பிறகென்ன?"

"மற்றாக்களுக்குப் போட்டவை அவரை ரெண்டாவதா விரும்பேல்லை அம்மா."

"ரெண்டாவதாக் கூடவோ?" என்றார்.

அண்ணை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுக்கவில்லை. அண்ணிதான் எடுத்து, அவர் கிளினிக்கில் நிற்கிறார், வேலை கூட என்பார். அது பொய்யல்ல. அவருக்கு வாக்குப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சளியும் காய்ச்சலும் ஒன்றாகத்தான் வந்தன. வென்றவர் அந்த ஊருக்கு வைத்தியர் ஒருவரை அனுப்ப முயல்வதாகச் சொன்னாராம். நானறிய யாரும் வரவில்லை.

நாலாவது ஞாயிறு அண்ணையே எடுத்தார். அம்மா பேசினார். இந்தத் தடவை என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, றிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடு ராசா. மனிசரை மதிக்காத ஊரில ஏன் நிக்கிறாய்?"

"இனி நினைச்சமாதிரி அங்க வந்து இருக்கேலாது அம்மா. அந்தக் கதவு மூடியாச்சு." அண்ணையின் மூச்சு கேட்டது. "திறந்திருந்தாலும் வரமாட்டன். இந்தச் சனத்தை ஆரிட்ட விட்டிட்டு வாறது?"

திறந்திருந்தாலும் வரமாட்டேன் என்பதை அவர் அதற்கு முன் ஒருபோதும் சொன்னதில்லை. ஒருவேளை தனக்குள்ளும் சொல்லியிருக்கமாட்டார்.

அம்மா அழவில்லை. அடுத்த சில கிழமைகள் வழமைபோலச் சமைத்தார், கோயிலுக்கு வந்தார், தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படம் மட்டும் பார்த்தார். பிறகு ஒருநாள் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது, மேசையில் மரக்கறி வெட்டியபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அவன் வரமாட்டான். நான் போறன்."

"எங்க?"

"அவனிட்டத்தான். வேறெங்க? எனக்கு விசா எடுக்கச் சொல்லி அவனிட்டச் சொல்லிப்போட்டன்."

"அங்க என்ன செய்வீங்கள்? கோயிலில்லை, கதைக்க ஆளில்லை. வெயில்."

"தோத்துப்போய் நிக்கிறான். பக்கத்தில ஒருத்தர் இருக்கோணும்." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு நான் இவ்வளவு காலம் இருந்தன்தானே?"

இருந்தார்தான். அண்ணை அந்த ஊரில் தனியாக நின்றபோது, எங்கள் இரண்டு பேரில் அம்மா என்னோடுதான் இருந்தார். கணக்காகப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம். போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு நிரந்தர அனுமதி இன்னும் வரவில்லை, கலியாணமும் சரிவரவில்லை, நீங்களும் போனால் இந்த வீட்டுக்கு நான் ஏன் திரும்பி வருவேன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளை தாயிடம் அப்படிக் கேட்பது எங்களுக்குள் வழக்கமில்லை. "குளிர் உடுப்பு எல்லாத்தையும் கொண்டுபோகாதேங்கோ, அங்க தேவைப்படாது" என்றுதான் சொன்னேன்.

விசா கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலம் முழுவதும், கிடைக்காமல் போகட்டும் என்றும் கிடைக்கட்டும் என்றும் மாறி மாறி நினைத்தேன். அம்மா எனக்கு மிளகாய்த்தூள் வறுத்துத் திரித்துப் பெரிய போத்தல்களில் அடைத்தார். பருப்புக் கறி, மீன்குழம்பு, சொதி என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நின்று வைக்கப் பழக்கினார். அகப்பையை என் கையில் தந்துவிட்டு, தான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஹீத்ரோவுக்குக் கடைக்கார அண்ணை தன் வானில் ஏற்றிக்கொண்டு போனார். வழி முழுவதும் அவர்தான் பேசினார். அம்மாவுக்கு முழங்கால் நோவு என்று சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். தள்ளிக்கொண்டு போக வந்தவர் ஓர் இளம் வெள்ளைக்காரர், நல்ல சுறுசுறுப்பானவர். கடவுச்சீட்டுப் பார்க்கும் இடத்துக்கு முன்னால், இதற்கு மேல் பயணிகள் மட்டும் என்றார். நான் குனிந்தேன். அம்மா என் தலையில் கை வைத்து, "நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். நான், "போய்ச் சேர்ந்ததும் எடுங்கோ" என்றேன்.

அந்தப் பொடியன் நாற்காலியைத் திருப்பித் தள்ளத் தொடங்கினான். அம்மாவின் முதுகுகூடத் தெரியவில்லை. நாற்காலியின் கறுப்புச் சாய்வும், அதற்கு மேலே கொண்டையும்தான் தெரிந்தன. கொஞ்சத் தூரம் போனதும் அம்மாவின் வலது கை மேலே எழும்பியது. எனக்குக் காட்டிய கையா, மெதுவாகப் போ என்று அந்தப் பொடியனுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பிறகு அவர்கள் வளைவில் திரும்பினார்கள். கடைக்கார அண்ணை என் தோளைத் தொட்டு, வானை வெகுநேரம் அங்கே விட முடியாது என்றார். ஓமென்று சொன்னேன், ஆனால் உடனே நடக்கவில்லை.